கேமரா மாரிக்கனியின் கையில் இருக்கிறது

படம் ஆரம்பித்துப் பதினோரு நாள் ஆகிறது. இடைவேளை இன்னும் விடவில்லை.

என் மனைவி மாரிக்கனி மூன்றாம் நாள் கடலை மிட்டாய் வாங்கக் கேண்டீனுக்குப் போனாள். நான்காம் நாள் படத்துக்குள் இருந்தாள்.

திரையில் அவளைப் பார்க்க முடியாது. கேமராவைப் பிடித்திருப்பதே அவள்தான்.

இது கையில் பிடித்து எடுத்த படம். ஊருக்குள் ஒரு பெரிய ஜந்து வந்துவிடுகிறது. அகப்பட்டவர்கள் ஓடிக்கொண்டே எடுக்கிறார்கள். முதல் மூன்று நாள் ஒரு தாடிக்காரர் எடுத்தார். மூன்றாம் நாள் முடிவில் அவர் திரும்பி ஜந்துவுக்கு நேராக நின்றார். அது அவரை மிதித்துவிட்டது. கேமரா தரையில் கிடந்தது. ஒரு பகல் முழுக்கத் திரையில் ஒரு செருப்பும் கொஞ்சம் புல்லும் தெரிந்தன. யாரும் எழுந்து போகவில்லை. சிலர் அந்தப் புல் நன்றாக நடித்திருக்கிறது என்றார்கள்.

பிறகு ஒரு கை வந்து கேமராவை எடுத்தது. கையில் இரண்டு கண்ணாடி வளையல். ஒன்றில் விரிசல். அந்த விரிசல் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் இடித்து வந்தது.

மாரிக்கனி கீழே கிடக்கும் எதையும் அப்படியே விட்டு வரமாட்டாள்.

"ஏங்க, இது யாருதுன்னு தெரியலையே," என்றாள் திரைக்குள்ளிருந்து. எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

அன்றிலிருந்து படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடக்கிறது. அவளுக்கு இடது முழங்காலில் வலி.

நான் மிளகாய் வற்றல் தரகன். மூன்று தலைமுறையாக மண்டியில் நிற்கிற குடும்பம். சாக்கில் கை விட்டு ஒரு பிடி அள்ள வேண்டும். பார்க்க வேண்டும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கீழே போட வேண்டும். தொழில் இவ்வளவுதான். பிடித்திருக்கிறது என்று ஒரு புருவம் சொல்லிவிட்டால் விலை ஏறிவிடும். என் அப்பா இறந்தபோது அவர் முகத்தைப் பார்த்து டாக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு தடவை நாடி பிடித்தார்.

அரங்கில் மற்றவர்கள் அப்படியில்லை. முதல் இரண்டு நாள் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். படம் அவ்வளவு ஆடியது. நிர்வாகம் ஆளுக்கொரு காகிதப் பை கொடுத்தது. பையின் மேல் "எதிர்வினை, வகை மூன்று" என்று அச்சடித்திருந்தது. பையைக் கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுத்தால் ரசீது தருவார்கள். அழுதவர்களுக்கு நீல ரசீது. விசிலடித்தவர்களுக்கு மஞ்சள்.

என்னிடம் ரசீதே இல்லை.

பக்கத்து இருக்கையில் பஞ்சவர்ணம் என்று ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர். ஏழாம் நாள் அவர் இருக்கையாகிவிட்டார். வலது கைப்பிடியில் அவருடைய கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது. யாரும் மேலே உட்கார்ந்துவிடக் கூடாது என்று என் துண்டை விரித்து வைத்திருந்தேன். அவர் எதற்கும் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்பிரிங் மட்டும் எப்போதாவது முனகும்.

சிக்கல் ஐந்தாம் நாளே ஆரம்பித்தது. முன் வரிசையில் சங்கிலிக்காளை என்று ஒரு டிராக்டர் மெக்கானிக் இருக்கிறார். "எம்மா, கொஞ்சம் இடது பக்கம் திருப்பும்மா. ஒரே செவுராத் தெரியுது," என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

படம் இடது பக்கம் திரும்பியது.

பிறகு நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஜந்துவை முழுதாகக் காட்ட வேண்டும். பதினோரு நாளில் அவர்கள் பார்த்தது ஒரு கால். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போன ஒரு வால். ஒரு தடவை ஒரு மூக்குத் துவாரம். மூக்குத் துவாரம் வந்த அன்றைக்குப் பால்கனியில் பூ எறிந்தார்கள்.

"கிட்ட போம்மா!" என்று அரங்கம் கத்தும். மாரிக்கனி ஓர் அடி எடுத்து வைப்பாள்.

ஒரு கத்தலுக்கு ஓர் அடி. நான் கணக்கு வைத்திருக்கிறேன். ஜந்து கடைத்தெருவின் அந்தக் கோடியில் இருக்கிறது. ஐந்தாம் நாள் முந்நூற்று நாற்பது அடி இருந்தது. இன்று அறுபத்தொன்று.

நான் முன் வரிசைக்குப் போனேன்.

"அண்ணே, கேமரா புடிச்சிருக்கிறது என் சம்சாரம்," என்றேன்.

சங்கிலிக்காளை திரும்பினார். "அப்படியா? நல்லா எடுக்குறாங்க அண்ணாச்சி. முன்னாடி எடுத்த ஆளு ரொம்ப ஆட்டுனாரு. எனக்கு ரெண்டு பை ஆச்சு."

"கிட்ட போனா மிதிச்சிரும்ணே."

"சினிமாதான அண்ணாச்சி."

"அவ சினிமா இல்ல."

நல்ல மனிதர். "நான் என்ன செய்ய? எனக்கும் வீடு வாசல் இருக்கு. ஒரு தடவ முழுசாப் பாத்துட்டா எந்திரிச்சுப் போயிருவேன். பாக்காம எப்படிப் போறது?"

"முழுசா என்னத்தப் பாக்கப் போறீங்க? காலு எப்படியோ அப்படித்தான மத்ததும்?"

"நீங்க என்ன தொழிலு?"

"வத்தல்."

"சாக்க அவுக்காம வாங்குவீங்களா?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாகப் பேசுகிறவனிடம் பேரம் படியாது.

"கிட்ட போம்மா!" என்றது அரங்கம். அறுபது.

நான் என் இருக்கைக்கு வந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். பஞ்சவர்ணம் ஒரு தடவை முனகினார். மன்னிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நடைவழியில் ஜன்னல்கள் உண்டு. வெளியே எப்போதும் காலை பதினோரு மணி வெயில்தான். கவுண்டரில் பாக்கியத்தாய் என்ற பெண்மணி பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என் சம்சாரத்தப் படத்துலேருந்து வெளிய எடுக்கணும்," என்றேன்.

"வரிசை, எண்?"

"எச், பதினாலு."

அவர் பேரேட்டைப் புரட்டினார். "எச் பதினாலு காலியா இருக்கு."

"நான் அங்கதான் உக்காந்திருக்கேன்."

"பதினோரு நாள்ல ரெண்டு கனைப்பு பதிவாயிருக்கு. அவ்வளவுதான். கனைப்ப இருக்கைகூடச் செய்யும். ஆளு செஞ்சதா எடுத்துக்க முடியாது."

"இப்ப ஆளாத்தான நிக்கிறேன்?"

"நிக்கிறதுக்கு வேற ஃபாரம்."

"அதக் குடுங்க."

"உக்காந்திருந்தவங்களுக்குத்தான் நிக்கிற ஃபாரம் குடுப்போம். நீங்க உக்காரவே இல்லையே." அவர் குரலில் வருத்தம் இருந்தது. "மேனேஜரப் பாருங்க அண்ணாச்சி. நேராப் போயி கடைசி ரூம்பு."

நேராகப் போனேன். நடக்க நடக்க நடைவழி நீண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் "கிட்ட போம்மா" கேட்டது. ஓடினேன். நடைவழியும் ஓடியது. கடைசி அறையின் கதவு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது.

நின்றேன். ஜன்னலில் சாய்ந்து பல் குத்தினேன். வந்த வேலை ஒன்றும் இல்லாதவன் போல இரண்டு அடி பின்னால்கூட வைத்தேன். நடைவழி தயங்கியது. பிறகு கதவு தானாக என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

சந்தையில் இது சகஜம். அப்போதே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இந்த இடம் நமக்குத் தெரிந்த இடம்தான் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மேனேஜர் தேவசகாயம் தராசில் கைதட்டல் நிறுத்துக்கொண்டிருந்தார். மூலையில் விசில்கள் கட்டுக்கட்டாக இருந்தன. நான் தோளில் இருந்த துண்டை எடுத்தேன். அவர் புரிந்துகொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

எங்கள் பக்கம் விலையை வாயால் சொல்வதில்லை. இருவரும் துண்டுக்குள் கை விட்டு விரலைப் பிடிப்போம். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியக் கூடாது. அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

அவர் என் நான்கு விரலைப் பிடித்தார்.

"நாலு என்ன?" என்றேன்.

"நாலு அழுகை. மனசார. தோளு குலுங்கணும்."

என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இருப்பு இல்லை என்று காட்டுகிறவன் வியாபாரி இல்லை. ஒரு சரக்கை வாங்க வந்தவன் முதலில் அதைக் குறை சொல்ல வேண்டும். இதில் பகை ஒன்றும் கிடையாது. குறை சொல்லாமல் வாங்குகிறவனைப் பார்த்தால் விற்கிறவனுக்கே பயம் வந்துவிடும்.

"நாலா? இவளுக்கா?" என்று சிரித்தேன். "முழங்கால் ரெண்டும் போச்சு சார்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்." ஒன்றுதான் போயிருந்தது.

அவர் ஒரு விரலை விட்டார். இடது கையால் ஒரு சீட்டில் ஏதோ எழுதினார். கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன்.

"சமையல் எப்படி?"

"உப்பு இருந்தாப் புளி இருக்காது. புளி இருந்தா உப்பு இருக்காது. ரெண்டும் இருந்துச்சுன்னா அது பக்கத்து வீட்டுல குடுத்தது."

மாரிக்கனி வைக்கும் மீன் குழம்புக்காக நான் இரண்டு தடவை ரயிலை விட்டிருக்கிறேன்.

"காது?"

"மந்தம்."

"ஞாபகம்?"

"நேத்து நடந்தது இன்னைக்குக் கிடையாது."

"பேச்சு?"

"எதுக்கு? கேக்குற மாதிரியா இருக்கும்?"

ஒவ்வொன்றாக மூன்றாவது விரலையும் விட்டுவிட்டார். ஒரு விரல் மிச்சம். நான் அதையும் உருவிக்கொண்டு பாதி விரலை நீட்டினேன். "சிரிச்சாப் பல்லு வெளிய தெரியும். ஆளும் பழசு. இத வேற யாரு சார் வந்து கேக்கப் போறாங்க? ஏதோ நானா இருக்கப்போயி வந்து நிக்கிறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அரங்கம் கத்தியது. என் முதுகு வேர்த்தது. முகம் வேர்க்கவில்லை.

"ஒரு கொட்டாவிக்குத் தர்றீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். "சொன்ன தரத்துக்கு அதுவே சாஸ்தி," என்றார். துண்டை எடுத்தோம். எடுத்தால் பேரம் முடிந்தது.

நான் அங்கேயே கொட்டாவி விட்டேன். பதினோரு நாள் தூங்காத கொட்டாவி. தராசு ஒரு பக்கமாக இறங்கியது. "நல்ல கனம்," என்று சொல்லி மீதிக்கு ஒரு விக்கல் திருப்பிக் கொடுத்தார். விக்கினேன்.

என் வாழ்க்கையில் இவ்வளவு மலிவாக எதையும் வாங்கியதில்லை. மண்டியாக இருந்தால் நாலு பேர் முதுகில் தட்டியிருப்பார்கள்.

"பின்பக்கக் கதவுல வாங்கிக்குங்க," என்றார் தேவசகாயம்.

பின்பக்கக் கதவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மாரிக்கனியின் உயரம். மாரிக்கனியின் சேலை. இரண்டு முழங்காலும் மடங்காமல் நின்றாள். மாரிக்கனியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு வேறு யாரோ வரைந்தது போல இருந்தது முகம்.

"மாரி?"

"என்ன?" என்று காதில் கை வைத்தாள்.

"உம் பேரு என்ன?"

"பேரா?" கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். "அத நீங்க சொல்லலையே."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். மேனேஜரின் இடது கை எழுத்து. முழங்கால் ரெண்டும். உப்பு, புளி. காது மந்தம். பல். பழசு. நான் சொன்னதில் ஒன்றுகூட விடவில்லை.

திரும்பி உள்ளே ஓடினேன்.

"இது என் சம்சாரம் இல்ல சார்."

"துண்ட எடுத்தாச்சு அண்ணாச்சி."

"ஆளே வேற."

"சொன்னதுல எது கொறையுது, சொல்லுங்க." அவர் சீட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அவர் சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "சரக்கு சொன்னபடி இருக்கு. சொன்னதுக்கு மேல இருக்குற சரக்கு அங்கனயே இருக்கு. அத நீங்க கேக்கவே இல்லையே."

"நீங்க கேட்ட நாலையும் தர்றேன். எட்டாத் தர்றேன்."

"எங்க, ஒண்ணு அழுங்க பாப்போம்."

முயற்சி செய்தேன். கண்ணை இறுக்கினேன். அம்மாவை நினைத்தேன். வெளியே வந்தது மறுபடியும் விக்கல்தான். அவர் தராசைப் பார்த்துத் தலையாட்டினார். முள் அசையவில்லை.

அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அரங்கத்துக்குத் திரும்பினேன். இரண்டு முழங்காலும் போனவள். நான் சொன்ன இரண்டு முழங்கால். நடைவழி இந்தத் தடவை நீளவில்லை. அதற்கு அவசியமே இல்லை. அவள் நடக்கும் வேகத்தில் பத்து அடி நடைவழியே போதுமானதாக இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதை எண்ணிக்கொண்டே வந்தேன்.

உள்ளே வந்தபோது பத்தொன்பது அடி இருந்தது.

அவள் பஞ்சவர்ணத்தின் மேல் உட்கார்ந்தாள். "சீட்டு வெதுவெதுன்னு இருக்கு," என்றாள். ஸ்பிரிங் முனகவில்லை. ஒருவேளை பஞ்சவர்ணம் மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருக்கலாம்.

திரையில் கடைத்தெரு. சாத்திய கடைகள். சாய்ந்த மின்கம்பம். படத்தின் மேல் விளிம்பில் மட்டும் ஏதோ பெரியதாக மூச்சு விட்டது. மாரிக்கனியின் மூச்சும் கேட்டது. அவள் மூச்சு சின்னதாக இருந்தது.

"யாரு எடுக்குறது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"என் சம்சாரம்."

"நல்லா எடுக்குறாங்களே."

"கை ஆடுது," என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னையும் இப்படித்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

"சொன்ன ஒடனே குடுத்துட்டாரா?"

"ஒரு கொட்டாவிக்கு."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நான் சுமாருதான். இல்லங்கல. நல்லதா ஒண்ணுகூடச் சொல்லலையா?"

"வாங்கும்போது சொல்லக் கூடாது."

"வாங்கின பெறகு?"

"பெறகு எதுக்குச் சொல்லணும்? அதான் வாங்கியாச்சே."

"கிட்ட போம்மா!" பதினெட்டு. "கிட்ட போம்மா!" பதினேழு.

"இப்பத்தான் அவங்கள வாங்க முடியாதுன்னு ஆயிருச்சே," என்றாள் அவள். "இப்பச் சொல்லலாம்ல?"

நான் அவளைப் பார்த்தேன். "என்ன சொன்ன?"

"யாரு, நானா?" என்றாள். அவளுக்கு ஞாபகம் இல்லை. நான்தான் அப்படிச் சொல்லி வாங்கியிருந்தேன்.

பன்னிரண்டு அடியில் படம் நின்றது. "ஏங்க," என்றாள் மாரிக்கனி, யாரையும் குறிப்பாகக் கேட்காதவள் போல. "இதுக்கு மேலயும் போகணுமா?"

"போகணும்!" என்றது அரங்கம்.

நான் எழுந்தேன். "வேண்டாம் மாரி!" என்று கத்தினேன். வெளியே வந்தது ஒரு கனைப்பு. வாசலில் நின்ற பாக்கியத்தாய் பேரேட்டில் ஒரு கோடு போட்டார். கனைப்பு, மூன்று.

பதினொன்று. பத்து. ஒன்பது.

"குழம்பு," என்றேன்.

இந்தத் தடவை சொல்லாகவே வந்தது. முன் வரிசையில் நான்கைந்து பேர் திரும்பினார்கள்.

"மீன் குழம்பு பரவாயில்லாம வைப்பா."

எட்டில் படம் நின்றுவிட்டது.

"பரவாயில்லன்னா என்ன அண்ணாச்சி?" என்றார் சங்கிலிக்காளை. "நல்லாருக்குமா, இருக்காதா?"

எங்கள் தொழிலில் பரவாயில்லை என்பதுதான் உச்சம். அதற்கு மேல் ஒரு தரம் கிடையாது. நான் பால்கனியைப் பார்த்தேன். எங்கள் மண்டிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இனிமேல் என்னிடம் யாரும் தரகுக்கு வரமாட்டார்கள்.

"நல்லாருக்கும்," என்றேன். "அதத் தின்னுட்டு ரெண்டு தடவ ரயில விட்டேன். ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு, இன்னும் ஒரு கரண்டி இருக்குன்னு திரும்பி வந்தேன்."

மண்டிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எனக்குப் பதிலா இவ மண்டிக்கு வந்து நின்னா. வத்தல மோந்து பாத்தே எந்த ஊருன்னு சொன்னா. எனக்கு இருவது வருசமாச்சு அது வர. அவகிட்டச் சொல்லல. சொன்னா வெல ஏறிரும்னு..." எனக்கு விக்கல் வந்தது. "பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு ரெண்டாவது தடவ காப்பி கேட்டேன். காப்பி நல்லால்ல. அவ சிரிச்சாப் பல்லு தெரியும். அதப் பாக்கணும்னு கேட்டேன்."

என் முகத்தில் ஏதோ ஈரமாக ஓடியது. வாசலில் பாக்கியத்தாய் அவசரமாகப் பேனாவைத் தேடினார்.

படம் திரும்ப ஆரம்பித்தது. கடை, மின்கம்பம், வானம், மறுபடியும் கடை. பிறகு மாரிக்கனியின் முகம்.

அவள் கேமராவைத் தன் பக்கம் திருப்பியிருந்தாள். ஆறு ஆள் உயரத்துக்கு இருந்தாள். நெற்றியில் புழுதி. காதோரம் முடி ஒட்டியிருந்தது.

"யாரு, நீங்களா பேசுறீங்க?" என்றாள்.

"ஆமா."

"ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஓடி வா மாரி. இந்தப் பக்கமா ஓடி வந்துரு."

"வாறேன், வாறேன். அந்தக் காப்பி விசயம் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

சிரித்தாள். பல் தெரிந்தது.

அவளுக்குப் பின்னால் ஜந்து தெரிந்தது.

முழுதாகத் தெரிந்தது. கால், வயிறு, கழுத்து, தலை, எல்லாம். அவள் தோளுக்கு மேல், படத்துக்குள் சரியாக அடங்கி நின்றது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். சத்தம் வரவில்லை. சங்கிலிக்காளை எழுந்து நின்று மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். பார்த்துவிட்டால் போய்விடுவேன் என்று சொன்னவர். போகவில்லை.

அது கழுத்தைத் தாழ்த்தியது. காதை முன்னால் மடித்தது. நான் பேசியதைக் கேட்டிருக்கிறது.

ஒரு சரக்கை ஊரறியப் புகழ்ந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் அதன் மேல் ஆசை வந்துவிடும். இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"எல்லாரும் என்னத்தப் பாக்குறீங்க?" என்றாள் மாரிக்கனி. நான் பேசாமல் இருந்ததால் அவள் முகம் திரையின் ஓரத்துக்கு நகரத் தொடங்கியது. திரும்பிப் பார்க்கப் போகிறாள். திரும்பினால் அதற்கு நேராக நிற்பாள்.

"மாரி," என்றேன்.

முகம் நடுவுக்கு வந்தது. பின்னால் ஜந்து ஓர் அடி வைத்தது. தூசி எழுந்து அடங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடு," என்று சொன்னால் அதுவும் ஒரு சொல். அதற்கும் ஜந்து ஓர் அடி வைக்கும். முதலில் சொல்லுங்கள் என்பாள்.

ஏழு அடி இருந்தது.

"சொல்லுங்க," என்றாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் சங்கிலிக்காளை மெதுவாக. என் பக்கத்தில் இருந்தவளும் காதில் கை வைத்து என் பக்கம் சாய்ந்தாள்.

நான் ஏழு சொல்லைத் தேடினேன். மாரிக்கனி கேமராவை மறு கைக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள்.